நெஞ்சுக்கு இரண்டு பாரம்: முதுமையில் இருதயத்தைப் பேணல்

2014 ஆம் ஆண்டு மாரி காலம். யாழ்ப்பாணத்து நலன்புரி முகாம் ஒன்றில் ஒரு அப்பு இருந்தார். 1990 ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து குடும்பத்தோடு வெளியேறியவர். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். அப்போது அவருக்கு வயது 76. ஒருநாள் பின்னேரம் நான் அவருடைய கொட்டிலுக்குப் போனபோது, அவர் திண்ணையில் இருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். முகம் வியர்த்திருந்தது. மழைக் குளிரில் என்ன வியர்வை என்று நான் யோசிக்கவில்லை.

“என்ன அப்பு, ஏலாமல் கிடக்கோ?” என்று கேட்டேன்.

“உது வாய்வு தம்பி. மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டனான். இஞ்சித் தண்ணி குடிச்சால் போயிடும்” என்றார்.

நானும் வாய்வாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். ஆச்சி இஞ்சி இடித்துக் கொடுத்தார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு முழுவதும் அவர் படுக்க முடியாமல் குந்திக்கொண்டே இருந்திருக்கிறார். விடிந்த பிறகு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. நேரத்தோடு வந்திருந்தால் அந்தப் பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். அந்தப் பின்னேரத்தை நான் இன்றும் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓய்வில்லாத வேலைகாரன்

இருதயம் ஏறக்குறைய எமது கைமுட்டி அளவான ஒரு தசை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு இலட்சம் தடவை அது துடிக்கிறது. நாம் சும்மா இருக்கும்போதும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் குருதியை உடம்பெங்கும் அனுப்புகிறது. தோட்டம் முழுவதற்கும் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் எரிபொருள் வேண்டுமல்லவா? அதுபோல இருதயத்துக்கும் குருதி வேண்டும். அதைக் கொண்டுவருபவை முடியுரு நாடிகள். வாய்க்காலில் சேறு படிவது போல, பல ஆண்டுகளாக இந்த நாடிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து, வாய்க்கால் முற்றாக அடைபடுகிறது. அதுதான் மாரடைப்பு. வாய்க்காலின் கடைப் பக்கத்துப் பயிர் வாடுவது போல, அந்த நாடியை நம்பியிருந்த தசை மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் சாகத் தொடங்குகிறது.

வயது போகப்போக நாடிகள் இறுகுகின்றன, குருதியமுக்கம் கூடுகிறது. இது எல்லோருக்கும் பொது. ஆனால் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு இதற்கு மேலும் சில காரணங்கள் உள்ளன.

இடம்பெயர்வு உடம்பில் செய்தது

ஊரில் இருந்தபோது எமது அப்புமாரும் ஆச்சிமாரும் உடற்பயிற்சி என்ற சொல்லையே அறியாதவர்கள். விடியப்புறம் எழும்பி இறைப்பு, பிறகு புல்லுப் பிடுங்கல், மாட்டுக்குக் குழை வெட்டல், சந்தைக்கு நடை என்று நாள் முழுவதும் உடம்பு அசைந்தது. காணியை விட்டு வந்த நாளோடு அந்த அசைவு நின்றுபோனது. இருபது வருடம் மண்வெட்டி பிடித்த கை, அடுத்த இருபது வருடம் நிவாரண அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது.

சாப்பாடும் மாறியது. குரக்கன், சாமை, ஒடியல், தோட்டத்துக் கீரை, குத்தரிசி என்றிருந்த இடத்தில் வெள்ளை அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு வந்தன. கறிக்கு வழியில்லாத நாட்களில் கருவாட்டுத் துண்டும் ஊறுகாயும் போதுமென்றானது. பசிக்குப் பதிலாக இனிப்புத் தேத்தண்ணி. இப்படிப் பல வருடம் போனால் உப்பும் சீனியும் உடம்பில் தம் வேலையைக் காட்டும். குருதியமுக்கமும் நீரிழிவும் முகாம்களில் பெருகியதற்கு முதியோர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

இடம்பெயர்வு மனதில் செய்தது

“நெஞ்சு பதறுது”, “நெஞ்சுக்குள்ளை ஏதோ அடைக்குது”, “ஒரே யோசினை” என்று எங்கள் முதியோர் சொல்வார்கள். மன வேதனையை உடம்பின் நோவாகச் சொல்வது எம் சமூகத்தின் வழக்கம். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநோய் மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் மனக்காயங்களைப் பற்றி எழுதியவற்றில் இதை எடுத்துக் காட்டியுள்ளார். இப்படிச் சொல்பவரைப் “பொய் வருத்தம்” என்று ஒதுக்கிவிடுவது பெரும் பிழை. வேதனை உண்மையானது. அதோடு, மனப்பாரம் இருதயத்தை நேரடியாகவே தாக்கும்.

பயமும் துக்கமும் கோபமும் வரும்போது அதிரினலின் போன்ற சுரப்புகள் குருதியில் கலக்கின்றன. இருதயம் விரைவாகத் துடிக்கிறது, குருதியமுக்கம் ஏறுகிறது, குருதி உறையும் தன்மை கூடுகிறது. ஆபத்தான நேரத்தில் ஓடித் தப்புவதற்கு இது உதவும். ஆனால் மாதக்கணக்காக, வருடக்கணக்காக இதே நிலை நீடித்தால் நாடிகள் பழுதடைகின்றன.

1995 தை 17 ஆம் திகதி யப்பானின் கோபே நகரப் பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் பின்னர் நடுக்கத்தின் மையத்துக்கு அருகில் வாழ்ந்த முதியோரிடையே குருதியமுக்கம் ஏறியது. இருதய நோயால் இறந்தோரும் அதிகரித்தனர். பின்னர் தற்காலிக வீடுகளில் குடியேற்றப்பட்ட முதியோர் சிலர், அயலவர் எவரும் அறியாமல் தனிமையிலே இறந்துபோனார்கள். பழைய அயல் சிதறியதும் அதற்கு ஒரு காரணம் என்பதை அந்த நாட்டவர் உணர்ந்துகொண்டார்கள். பெருந்துக்கத்தினால் இருதயத்தின் இடது கீழறை திடீரென வீங்கி, மாரடைப்புப் போன்ற நோவைத் தரும் ஒரு நிலையையும் முதலில் விபரித்தவர்கள் யப்பானிய வைத்தியர்களே. இது வயது முதிர்ந்த பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலானோர் சிகிச்சையுடன் சில வாரங்களில் தேறிவிடுவர். நெஞ்சு உடைந்துபோனது என்று எங்கள் ஆச்சிமார் சொல்வது வெறும் பேச்சு அல்ல.

2004 இல் வெளியான இன்ரர்ஹார்ட் என்னும் ஆய்வு, இலங்கை உட்பட 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்தது. மாரடைப்புக்கான ஒன்பது முக்கிய காரணிகளை அது எடுத்துச் சொன்னது. புகைத்தல், குருதிக் கொழுப்பு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, தொந்தி ஆகியவற்றோடு மன அழுத்தமும் சோர்வும் அதே பட்டியலில் இடம்பெற்றன. ஆகவே நெஞ்சைப் பேணுவதென்றால் உடம்பையும் மனதையும் சேர்த்தே பேணவேண்டும்.

எப்போது ஓடவேண்டும்?

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்றுதான் நாம் எண்ணுகிறோம். வயதானவர்கள், பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோரில் அது அப்படி வராமலும் இருக்கலாம். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

- நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம். சில நிமிடங்களில் குறையாமல் இருத்தல், அல்லது போய்ப்போய் வருதல்.
- நோவு இடது கை, இரண்டு கைகள், தோள், முதுகு, கழுத்து, தாடை ஆகியவற்றுக்குப் பரவுதல்.
- குளிர் வியர்வை, சத்தி, தலைச்சுற்று.
- நோவே இல்லாமல் திடீர் மூச்சுத்திணறல் அல்லது என்றுமில்லாத களைப்பு.
- “வாய்வு” போல மேல்வயிற்றில் எரிவு. அதோடு வியர்வையும் களைப்பும்.

இவற்றில் ஒன்று கண்டாலும் இஞ்சியும் சோடாவும் தேடி நேரத்தைப் போக்கவேண்டாம். நோயாளியை நடக்கவிடாமல் சாய்த்து இருத்துங்கள். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இது சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை. 2016 இல் தெற்கில் ஆரம்பமாகி, 2018 இல் வடக்குக்கும் வந்தது. அப்புவுக்கு நோவு வந்த இரவில் இந்தச் சேவை எமது பக்கத்தில் இருக்கவில்லை, இன்று இருக்கிறது. வாகனம் வரத் தாமதமாகுமென்றால் கிடைக்கும் வாகனத்தில் கிட்டிய அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இரவு என்று பார்க்கவேண்டாம். வாய்வு என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டு திரும்பி வரலாம்; அதில் வெட்கம் இல்லை.

நோயாளி அறிவிழந்து, மூச்சும் நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் பலமாக, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கிக்கொண்டிருங்கள். உதவி வரும்வரை நிறுத்தவேண்டாம்.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க ஏலாமை, பேச்சுக் குழறுதல் ஆகியவை பாரிசவாதத்தின் அறிகுறிகள். அதற்கும் இதே அவசரம் வேண்டும்.

இன்னொன்று இருதயம் மெல்லமெல்லக் களைத்துப்போகும் நிலை. இரண்டு கால்களும் வீங்குதல், மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுதல், இரண்டு மூன்று நாட்களுக்குள் நிறை 2 கிலோ அளவு கூடுதல் ஆகியவை அதைக் காட்டும். “வயசுக்கு வாற வீக்கம்” என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

*குருதியமுக்கம் பாருங்கள்.* அது ஏறியிருப்பதைப் பெரும்பாலும் உடம்பு சொல்வதில்லை. வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் சிகிச்சை பற்றி வைத்தியரிடம் கதைக்கவேண்டும். பார்க்க முன் ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். அரச வைத்தியசாலைகளில் குருதியமுக்கமும் சீனியும் இலவசமாகவே பார்க்கப்படுகின்றன.

*உப்பைக் குறையுங்கள்.* ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது மட்டமான ஒரு தேக்கரண்டி. கணக்குப் பாருங்கள்: ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 40 நாட்களுக்குக் குறையாமல் வரவேண்டும். கருவாட்டை ஊறவைத்து நீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். ஊறுகாய், பப்படம், மோர்மிளகாய் மூன்றும் ஒரே சாப்பாட்டில் வேண்டாம். தேசிக்காய், புளி, மிளகு, சீரகம் ஆகியவற்றால் ருசியைக் கூட்டலாம்.

*இனிப்பையும் எண்ணெயையும் கவனியுங்கள்.* ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி என்றால் பதினைந்து கரண்டி. மாதம் ஒரு கரண்டியாகக் குறைத்து வாருங்கள், நாக்குப் பழகிவிடும். பனங்கட்டியும் இனிப்புத்தான், நீரிழிவுக்காரருக்கு அளவு வேண்டும். பொரித்த எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிக்கவேண்டாம். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, பயறு, கௌபி, குரக்கன், சிறுமீன் ஆகியவை எமது கைக்கெட்டும் நல்ல உணவுகள். ஆனால் கீரை குளிசைக்குப் பதிலாகாது.

*புகையை நிறுத்துங்கள்.* சுருட்டு, பீடி, சிகரெட் மூன்றும் நாடியை அடைக்கும். எத்தனை வயதில் நிறுத்தினாலும் பயன் உண்டு. விட்டு ஒரு வருடத்தில் இருதய நோய் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருடையதில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஆச்சிமார் ஊதும் அடுப்புப் புகையும் இருதயத்துக்குக் கேடு. கொட்டிலில் ஒரு பக்கம் திறந்து, காற்றுப்போகும்படி அடுப்பை வையுங்கள்.

*நடவுங்கள்.* நாளுக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். ஒரேயடியாக முடியாவிட்டால் மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம். நடக்கும்போது கதைக்க முடியவேண்டும். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். வெயிலுக்கு முன் அல்லது பின்னேரம் நல்லது. மாரடைப்பு வந்தவர்கள் வைத்தியரைக் கேட்டு மெல்லத் தொடங்கவேண்டும்.

*குளிசையை ஒழுங்காகப் போடுங்கள்.* “இப்ப சுகம்” என்று நிறுத்தவேண்டாம். சுகமாக இருப்பதே குளிசையால்தான். அயலவரின் குளிசையை வாங்கிப் போடவேண்டாம். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஒரு குளிசையைப் பாதியாக்கினார்கள். அப்படி ஒரு நிலை மீண்டும் வந்தால் தாமாக முடிவெடுக்காமல் கிளினிக்கில் மாற்று மருந்து கேளுங்கள். முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபெனாக் போன்ற குளிசைகள் குருதியமுக்கத்தை ஏற்றும். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கு செய்யும்.

*கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள்.* அடிக்கடி இடம்பெயர்ந்த எமக்கு இதன் பெறுமதி தெரியும். அடையாள அட்டை, காணி உறுதி ஆகியவற்றோடு கிளினிக் கொப்பியையும், இரண்டு கிழமைக்குக் காணும் குளிசைகளையும் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். வெள்ளமோ புயலோ வந்தால் முதலில் கையில் எடுக்கவேண்டிய பை அது.

மனதின் பாரத்தை இறக்குவது எப்படி?

அப்பு ஆஸ்பத்திரியால் வந்த பிறகுதான் உண்மையான வருத்தம் தொடங்கியது. ஒரு மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குளிசைகள் தலையணைக்குக் கீழே சேர்ந்து கிடந்தன. ஆச்சி கேட்டபோது, “ஆருக்காக நான் குளிசை போடுறது? தோட்டமும் இல்லை, துரவும் இல்லை” என்றாராம்.

மாரடைப்பு வந்தவர்களில் ஐவரில் ஒருவர் அளவில் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். அப்படிப்பட்டவர்கள் மருந்தை விடுகிறார்கள், நடக்க மறுக்கிறார்கள், மீண்டும் மாரடைப்பு வரும் ஆபத்தும் கூடுகிறது. நித்திரை இல்லாமை, சாப்பாட்டில் வெறுப்பு, எதிலும் பற்றில்லாமை, செத்தால் நல்லம் என்ற பேச்சு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அதை நோயாகவே கருதவேண்டும். அதற்கும் சிகிச்சை உண்டு. மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் தமிழிலும் கதைக்கலாம்.

அப்புவை மாற்றியது பெரிய காரியம் ஒன்றுமல்ல. பக்கத்துக் கொட்டில் பெண் பிள்ளை, பழைய சாக்குகளில் மண் நிரப்பி மிளகாய்க் கன்று நட்டிருந்தாள். கன்றுகள் சுருண்டுபோயின. அவள் வந்து, “அப்பு, ஒருக்கா வந்து பாருங்கோவன், எனக்கு விளங்கேல்லை” என்று கையைப் பிடித்து எழுப்பினாள். அவர் போய் இலையைத் திருப்பிப் பார்த்து, பூச்சியைக் காட்டி, சாம்பல் தூவச் சொன்னார். அடுத்த நாள் தானாகவே போனார். ஒரு மாதத்தில் முகாமின் ஏழு வீடுகளுக்கு அவர்தான் தோட்ட ஆலோசகர். அந்த நடை அவருக்கு உடற்பயிற்சி; அந்தப் பேச்சு அவருக்கு மருந்து. தலையணைக்குக் கீழிருந்த குளிசைகளும் வாய்க்குப் போகத் தொடங்கின.

இதிலிருந்து குடும்பத்தவர்கள் சில விடயங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

முதியோரிடம் ஆலோசனை கேளுங்கள். “நீங்கள் சும்மா இருங்கோ” என்ற சொல், அன்பாகச் சொன்னாலும் அவர்களை ஒதுக்கி வைக்கிறது. விதை தெரிவு, வீட்டுச் செலவு, பேரப்பிள்ளையின் கலியாணம் என்று எதிலும் அவர்களுக்கு ஒரு சொல் இருக்கட்டும்.

ஒவ்வொரு நாளும் ஒருவராவது அவர்களோடு இருந்து கதைக்கவேண்டும். ஊர்க் கதை திரும்பத் திரும்ப வரும், அலுக்காமல் கேளுங்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் காசு அனுப்புவதோடு, கிழமையில் ஒரு நாள் குறித்த நேரத்தில் எடுத்துக் கதைத்தால் அந்த நாளுக்காகவே அவர்கள் காத்திருப்பார்கள்.

அழுகையை அடக்கச் சொல்லவேண்டாம். பிள்ளையைப் போரில் இழந்த தாய்க்கு நாள் பார்த்து விளக்கேற்ற முடியும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய்க்கு அதுகூட முடியாது. அவரிடம் “மறந்துபோடுங்கோ” என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பக்கத்தில் இருங்கள், அதே துன்பமுள்ள மற்றத் தாய்மாரோடு சேர விடுங்கள். கோயிலோ, மாதர் சங்கமோ, வாசிகசாலையோ, ஆட்கள் கூடும் இடத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

இரவில் நெஞ்சு படபடத்தால் முதலில் மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் உண்டா என்று பாருங்கள். வைத்தியர் பார்த்து இருதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லியிருந்தால், நிமிர்ந்திருந்து மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடத்தில் துடிப்பு அடங்கும். செபமாலை உருட்டுபவரும், தேவாரம் முணுமுணுப்பவரும் அறியாமலே இதைத்தான் செய்கிறார்கள்.

அப்பு ஊருக்குப் போனார்

வலிகாமம் வடக்குக் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, 2017 இல் அப்புவின் காணியும் கிடைத்தது. 27 வருடங்களுக்குப் பின்னர் போய்ப் பார்த்தால் வீடு இல்லை; எல்லைக்கல் இல்லை; கிணறு தூர்ந்து பற்றை மூடியிருந்தது. அன்று அவருக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று நாங்கள் பயந்தோம். குளிசையைப் போட வைத்து, தண்ணீர்ப் போத்தலோடு மகனும் பேரனும் கூடப் போனார்கள். அவர் கிணற்றுக்கட்டில் கொஞ்ச நேரம் இருந்து அழுதார். பிறகு எழும்பி, “இதிலை கிழக்காலை முதல் வெங்காயம் வைக்கலாம்” என்றார்.

அதன் பின்னர் நான்கு வருடம் அவர் அந்த மண்ணில் இருந்தார். மண்வெட்டி பிடிக்கவில்லை, கதிரையில் இருந்து பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2021 இல் ஒரு விடியப்புறம் நித்திரையிலேயே போனார். அவர் தலைமாட்டில் கிளினிக் கொப்பி இருந்தது. கடைசிக் கிழமைக் குளிசைகள் ஒன்றும் தவறியிருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு அப்புவோ ஆச்சியோ இருக்கக்கூடும். இன்று பின்னேரம் அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். “வாய்வு” என்று சொன்னால், முகத்தையும் வியர்வையையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.